பன்னிரண்டு டன் கச்சேரி

மேடைக்கு மேலே இருநூறு பேர் குதித்துக்கொண்டிருந்தார்கள். மேடைக்குக் கீழே, மணலில், ஒரு வெள்ளைக்காரர் மல்லாந்து படுத்திருந்தார்.

அவர் பெயர் மார்ட்டின். வயிற்றின் மேல் டார்ச் லைட், வாயில் பென்சில். மேலே பலகை அதிரும்போதெல்லாம் இடுக்கு வழியாக மணல் அவர் முகத்தில் கொட்டியது. கண்ணை மூடித் திறந்து, என் சவுக்குக் கம்பங்களின் கயிற்றுக் கட்டுகளை ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். மேடை சாய்ந்தால் அவரோடு நானும் போகட்டும் என்ற வீரமெல்லாம் இல்லை. பயத்தில் எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மேலே எங்கள் மேஸ்திரி கன்னியப்பண்ணனின் குரல் கேட்டது. "இன்னும் நல்லா குதிங்கப்பா. காலைல எவனும் நாஸ்தா துன்னலயா?"

நெம்மேலிக் குப்பத்துப் பெண்கள் சிரித்த சிரிப்பில் இன்னும் இரண்டு பிடி மணல் விழுந்தது.

போன வாரக் கட்டுரையை, என் அத்தா ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டதோடு நிறுத்தியிருந்தேன். பிறகு கடை என்ன ஆயிற்று என்று மதுராந்தகத்திலிருந்து ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். கடைக்கும் இந்தக் குதியாட்டத்துக்கும் சம்பந்தம் உண்டு அம்மா, பொறுங்கள்.

மாப்பிள்ளை வீட்டு லிஸ்ட்

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்தது எங்கள் பந்தல் கடை. சவுக்குக் கம்பம், கீற்று, ஷாமியானா, மடக்கு நாற்காலி, பெரிய அண்டா எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். இந்து வீட்டுக் கல்யாணம், கிறிஸ்தவர் வீட்டு ஞானஸ்நானம், எங்களவர் வீட்டு நிக்காஹ் எல்லாவற்றுக்கும் அதே கம்பங்கள்தான்.

அத்தாவுக்கு நான் ஒரே பெண். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன், வாய் கொஞ்சம் நீளம். கால் கட்டோடு படுத்த அத்தா, இனி கடையைப் பார்க்க ஆள் இல்லை என்று மதுராந்தகத்து வியாபாரி ஒருவரிடம் விற்கப் பேசி முடித்துவிட்டார். கடையைப் பார்க்க ஆள் பக்கத்து அறையிலேயே உட்கார்ந்து பில் அடித்துக்கொண்டிருந்தது அவர் கண்ணில் படவில்லை.

அந்த வாரம்தான் மெட்ராஸிலிருந்து ரகு சார் என்ற ஏஜெண்ட் வந்து இறங்கினார். அகலக் காலர் சட்டை, காதை மூடிய கிருதா. வெளிநாட்டு ராக் இசைக்குழு ஒன்று மாமல்லபுரத்துக் கடற்கரையில் வாசிக்கப் போகிறதாம். மேடையும் பந்தலும் போட ஆள் வேண்டுமாம். குழுவின் பெயரைப் போடச் சொல்லி இந்த இதழின் ஆசிரியர் கெஞ்சுகிறார். போட மாட்டேன். போட்டால் என் பேரன்களே என்னைப் புளுகு மூட்டை என்பார்கள்.

ரகு சார் கையில் ஒப்பந்தம் இருந்தது. பதினான்கு பக்கம். அதில் எத்தனை எழுத்துப் பிழை என்று முதலில் எண்ணினேன், தொழில் புத்தி. பிறகு விஷயத்தைப் படித்து அத்தாவுக்குச் சொன்னேன். நாற்பது வெள்ளைத் துண்டு, பழுப்பு ரொட்டி, தினமும் இத்தனை ஐஸ் கட்டி, தனியாக ஒரு மேசை, அதன் மேல் பூ.

அத்தா கண்ணை மூடிக் கேட்டார். "மாப்ள வூட்டுக்காரன் லிஸ்ட் மாதிரியே கீதே. மோதிரம் ஒண்ணுதான் பாக்கி."

பதினோராம் பக்கத்தில் அவர் கண் திறந்தது. மேடை பன்னிரண்டு டன் எடையைத் தாங்க வேண்டும், குழுவின் மேலாளர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கிடையாது, இன்சூரன்ஸ் இல்லாமல் குழு மேடை ஏறாது.

"வுட்டுடு ஜமீ. இது நம்ம வேல இல்ல."

"நான் சரின்னு சொல்லிட்டேன் அத்தா."

அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். "சரி, போடு. மேடை நின்னுச்சுன்னா கட உன்னுது. சாஞ்சுச்சுன்னா மறுநாளே மதுராந்தகத்தாருக்குத் தூக்கிக் குடுத்துடுவேன். நான் அந்தப் பக்கம் தலை வெச்சிகூடப் படுக்க மாட்டேன்."

இவ்வளவு லாபகரமான பேரம் என் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை. உள்ளே போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். பிறகு பன்னிரண்டு டன் என்றால் எத்தனை கிலோ என்று கணக்குப் போட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

ரிட்டர்ன் லோடு

செய்யூரிலிருந்து மூன்று லாரி சவுக்குக் கம்பம் வந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, நெம்மேலிக்குப் போகும் வழியில், சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்வெளி. இப்போது கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறதே, அந்த நெம்மேலிதான். அன்றைக்கு அங்கே குடிக்க நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தோடு நடக்க வேண்டும்.

கன்னியப்பண்ணன் மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, முதல் கம்பத்தை நட்டார். எந்த மதத்துக்காரர் பந்தலானாலும் முதல் கம்பம் அவருக்கு அப்படித்தான். அத்தாவும் அதில் தலையிட்டதில்லை.

எங்கள் தொழிலில் இன்னொரு வழக்கமும் உண்டு, இங்கேயே சொல்லிவிடுகிறேன். பந்தல் வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம், கற்கண்டு கொடுப்பார்கள் இல்லையா? பந்தல்காரன் தன் பந்தலில் அதை வாங்க மாட்டான். அவன் அங்கே வேலைக்காரன், விருந்தாளி இல்லை. அத்தா முப்பது வருஷமாக எத்தனையோ ஆயிரம் பேர் பன்னீர் வாங்கியதைப் பார்த்தவர். தன் கையை ஒருநாளும் நீட்டியதில்லை.

மார்ட்டின் முன்கூட்டியே வந்து சேர்ந்தார். குழுவின் மேலாளர். ஆறடிக்கு மேல் உயரம், சிவந்த மூக்கு, இளநீர்ப் பைத்தியம். வேலை நடக்கும்போது ஒரு கவிழ்த்த அண்டாவின் மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு இங்கிலீஷ் அடிக்கத் தெரியும், பேச வராது. ரகு சார் மொழிபெயர்த்தார்.

"ஏன் சார் இவ்ளோ தூரம் வர்றீங்க? எங்க ஊர்ல உங்க பாட்டு எவனுக்குத் தெரியும்?" என்று கேட்டேன். ரகு சார் இதைப் பாதிதான் மொழிபெயர்த்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

மார்ட்டின் மணலில் பென்சிலால் கோடு போட்டு விளக்கினார். குழு ஜப்பானில் வாசித்துவிட்டு ஜெர்மனிக்குப் போகிறது. நடுவில் ஐந்து நாள் வெட்டி. பாடுகிறவர்கள் ஐந்தே பேர், ஆனால் கூட வருகிறவர்களோடு சேர்த்து நாற்பது. சம்பளம், படி, அறை வாடகை எல்லாம் வாசித்தாலும் உண்டு, தூங்கினாலும் உண்டு. சாமான் பன்னிரண்டு டன், அதற்கென்று வாடகைக்கு எடுத்த விமானம். அது பறந்தாலும் வாடகை, நின்றாலும் வாடகை. சும்மா நிற்பதற்குப் பதிலாக வழியில் ஒரு ஊரில் வாசித்துவிட்டுப் போகலாம்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. செய்யூருக்குக் கம்பம் ஏற்றப் போகிற லாரி காலியாகப் போகாமல் உரமூட்டை ஏற்றிக்கொண்டு போகும்.

"அப்போ நாங்க உங்களுக்கு ரிட்டர்ன் லோடா?"

ரகு சார் இதை முழுசாக மொழிபெயர்த்துவிட்டார். மார்ட்டின் அண்டாவிலிருந்து விழப் பார்த்தார். அதற்குப் பிறகு போகிற வருகிற வெள்ளைக்காரர்களிடமெல்லாம் என்னைக் காட்டி அதைச் சொல்லிச் சிரித்தார்.

டிக்கெட் பணத்தையாவது கொண்டு போவீர்களா என்றேன். அதுவும் முடியாதாம். அந்தக் காலத்தில் நம் ரூபாயை நாட்டை விட்டு வெளியே எடுத்துப்போவது குதிரைக் கொம்பு. டிக்கெட்டில் வருவதை ஓட்டலுக்கும் லாரிக்கும் இங்கேயே கரைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு விமானம் ஏற வேண்டும்.

"அப்போ லாபம்?"

அவர் தோப்பின் பக்கம் கையைக் காட்டினார். இரண்டு பேர் மூங்கில் சாரத்தின் மேல் சினிமாக் கேமராவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் என்ன லாபம் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. விளங்கின மாதிரி தலையை ஆட்டினேன்.

வெற்றிலை பாக்கு

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு மேடை முடிந்தது. மார்ட்டின் சுற்றிச் சுற்றி வந்தார். கம்பத்தைத் தட்டினார். கயிற்றைச் சுரண்டினார்.

"ஆணி எங்கே?"

"ஆணி கெடையாது சார். கயிறுதான்."

அவர் மூக்கு இன்னும் சிவந்தது. தலையை இடமும் வலமும் ஆட்டி, கையெழுத்துத் தாளைப் பைக்குள் மடித்து வைத்துவிட்டார். மதுராந்தகத்தார் எங்கள் அண்டாக்களை வண்டியில் ஏற்றுவது கண்முன்னே தெரிந்தது.

கன்னியப்பண்ணன் அசரவில்லை. "ஆணி அடிச்சா அதிர்றப்போ நெகிழ்ந்து வுட்டுடும்னு சொல்லு பாப்பா. கயிறு கூடவே ஆடும், ஆனா வுடாது. பன்னெண்டு டன்னு இன்னா பெரிய டன்னு? ஏத்திக் காட்டலாம்."

"எதை ஏத்தறது? சாமான் நாளைக்கு ராத்திரிதான்ணே வருது."

"ஆளை ஏத்து."

ஆளுக்கு அறுபது கிலோ. இருநூறு பேர். பன்னிரண்டு டன். நான் மணலில் எழுதிப் பார்த்துக் கத்தியே விட்டேன். "நாளைக் காலைல இருநூறு பேரைக் கூட்டிகினு வாண்ணே. சும்மா கூப்பிடாதே, வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடு."

இந்தக் கடைசி வாக்கியம்தான் நான் செய்த தப்பு. கடையில் எந்தக் காரியத்துக்கு ஆள் அனுப்பினாலும் வாயில் தானாக வருவது அது. கன்னியப்பண்ணனும் நாலு கவுளி வெற்றிலையை வாங்கிக்கொண்டு சைக்கிளில் கிளம்பி, குப்பம் குப்பமாகப் போய், தட்டை நீட்டி, அவருக்குத் தெரிந்த ஒரே முறையில் அழைத்திருக்கிறார். நம்ம வூட்டு விசேஷம், குடும்பத்தோட வந்துடணும்.

காலையில் வந்தார்கள், குதித்தார்கள். அந்தக் காட்சியில்தான் இந்த வாரக் கட்டுரை ஆரம்பித்தது. கால் மணி நேரம் கழித்து மார்ட்டின் மணலை உதறிக்கொண்டு எழுந்தார். ஒரு கட்டு நெகிழவில்லை. பென்சிலை வாயிலிருந்து எடுத்துத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மேடை மேல் ஏறித் தானும் ஒரு குதி குதித்தார். இருநூறு பேரும் கைதட்டினார்கள். நான் தோப்புக்குள் ஓடிப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது ஒரு மீனவ அம்மாள் என் கையைப் பிடித்தாள். "ஏம்மே, தாலி கட்டறது எப்போ?"

"கல்யாணம் இல்லக்கா, பாட்டுக் கச்சேரி. நாளைக்கு நாலு மணிக்கு."

"சரி, ஏதோ ஒண்ணு. வெத்தல வெச்சிட்ட, வந்துடறோம்."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாசல்

மறுநாள் மூன்றரை மணிக்கு மெட்ராஸிலிருந்து பஸ்களில் கல்லூரிப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். பெல்பாட்டம், கறுப்புக் கண்ணாடி. மொத்தம் முந்நூறு பேர் இருந்தால் அதிகம். அந்தப் பரந்த மணல்வெளியில் அவர்கள் சிந்திய பொரியாகத் தெரிந்தார்கள். மேடை மேல் பன்னிரண்டு டன் கறுப்புப் பெட்டி, கீழே வெறும் மணல். மார்ட்டின் கேமராக்காரர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

ஒருமுறை அத்தா ஒரு தேர்தல் கூட்டத்துக்குப் பெரிய பந்தல் போட்டு, பேச்சாளரும் மைக் செட்காரரும் தவிர யாரும் வரவில்லை. வாடகை முழுசாக வந்துவிட்டது. ஆனாலும் அத்தா ஒரு வாரம் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. காலிப் பந்தல் பந்தல்காரனுக்கு இழுக்கு என்பார். அன்றைக்கு எனக்கு அந்த நினைப்புத்தான்.

அப்போது வடக்கே மேளச் சத்தம் கேட்டது.

கரையோரமாக வந்தார்கள். முன்னால் பறை. பின்னால் பெண்கள் தலையில் சீர்த் தட்டு. தேங்காய், வாழைத்தார், வேர்க்கடலை, ஒரு கூடை கருவாடு. அதற்குப் பின்னால் ஆண்கள், தோளில் குழந்தைகள். நெம்மேலி மட்டுமில்லை. வெற்றிலை வாங்கிய இருநூறு பேரும் குடும்பத்தோடு, குடும்பத்தின் சம்பந்திகளோடு, சம்பந்திகளின் குப்பத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். வரிசையின் முடிவு கண்ணுக்குத் தெரியவில்லை.

ரகு சாருக்கு வியர்த்துவிட்டது. வாசலில் டிக்கெட் கிழிக்க நின்றது எங்கள் ஆட்கள்தான். "நிறுத்துங்கய்யா. டிக்கெட் இல்லாம ஒருத்தரையும் விடாதீங்க."

கன்னியப்பண்ணன் நகரவில்லை. "நிறுத்த மாட்டேன் சார்."

"உனக்குச் சம்பளம் கொடுக்கறது எதுக்குய்யா?"

"சார், எனக்கு அப்போ பதினெட்டு வயசு. எங்க ஊருல பெரிய வூட்டுக் கல்யாணம். பந்தல் போட்டது நானு. அன்னிக்கு மத்தியானம் இந்த மாதிரி ஒரு வாசல்ல என்னிய நிறுத்திட்டாங்க. பந்தல் போட்ட கை, உள்ள வந்து ஒரு வாய் சோறு துன்னக் கூடாதுன்னுட்டாங்க. அன்னிலேந்து நான் போட்ட பந்தல்ல எவனையும் நிறுத்தினதில்ல. நீ வேற ஆளு பாத்துக்க."

அவர் இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பத்து வருஷம் எங்களோடு இருந்தவர், எனக்கே அன்றுதான் தெரியும்.

ரகு சார் என் பக்கம் திரும்பினார். "ஜமீலா, நிறுத்தச் சொல்றியா, இல்லை கான்ட்ராக்டைக் கிழிக்கட்டுமா? நீதானே இங்கே பொறுப்பு?"

மேடை நின்றால் கடை என்னுடையது. கச்சேரியே நடக்காவிட்டால் மேடை நின்றது என்று அத்தாவிடம் எப்படிச் சொல்வது? இதெல்லாம் தெரிந்தும், கன்னியப்பண்ணன் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வழி இல்லை. வழக்கத்துக்காக எடுத்து வந்திருந்த பன்னீர்ச் சொம்பைத் தூக்கினேன். வாசலில் போய் நின்றேன். முதலில் வந்த மீனவ அம்மாள் மேல் தெளித்தேன்.

"வாங்க, வாங்க. எல்லாரும் உள்ள வாங்க."

ரகு சார் தலையில் கைவைத்து மணலில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பின்னாலிருந்து மார்ட்டின் ஓடி வந்தார். போச்சு, கையெழுத்தை வாபஸ் வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் இரண்டு கையையும் சொம்போடு சேர்த்துப் பிடித்துக் குலுக்கினார். கேமராச் சாரத்தைக் காட்டி, வரிசையைக் காட்டி, கடலைக் காட்டி ஏதேதோ பேசினார். ரகு சார் உட்கார்ந்த இடத்திலிருந்தே மொழிபெயர்த்தார், குரல் மெல்ல மெல்ல உயிர் பெற்றது.

"டிக்கெட் காசை இவங்க எடுத்துட்டுப் போக முடியாதாம். படத்தை எடுத்துட்டுப் போகலாமாம். கடலும் இவ்வளவு ஜனமும் ஒண்ணா இருக்கிற படத்தை அங்கே காட்டினா இசைத்தட்டு மூட்டை மூட்டையா விக்குமாம். காலி மணலைக் காட்டினா யாரு வாங்குவான்னு ராத்திரியெல்லாம் தூங்கலையாம். இவங்க பங்கு ரூபாயை என்னையே வெச்சுக்கச் சொல்றார்."

ரகு சார் எழுந்து பேண்டைத் தட்டிக்கொண்டு, தானும் ஒரு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார். அவரைப் போல மனசை மாற்றிக்கொள்ளத் தெரிந்த மனிதரை நான் அப்புறம் பார்க்கவில்லை.

கட்டு

கச்சேரி எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் மேடைக்கு முதுகைக் காட்டி வாசலிலேயே நின்றுகொண்டேன். முதல் அடியில் என் பல்லெல்லாம் ஆடியது. பறைக்காரர்கள் இரண்டு பாட்டு வரை பொறுத்துக்கொண்டு மூன்றாவதில் சேர்ந்துவிட்டார்கள். சீர்த் தட்டுகள் கைமாறி மாறி மேடைக்குப் போயின. நீள முடி வைத்த பாடகர் கழுத்தில் கனகாம்பர மாலையோடு பாடினாராம். கருவாட்டுக் கூடை ஒரு கிட்டார் பெட்டிக்குள் போய், ஜெர்மனி விமான நிலையச் சுங்கச் சோதனையில் திறக்கப்பட்டு, மூன்று அதிகாரிகள் ஓடிய கதையை மார்ட்டின் பிறகு கடிதத்தில் எழுதினார்.

பகலிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லித்தான் லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். கடைசிப் பாட்டு நின்றபோது வெயில் இன்னும் இருந்தது. என் காதுக்குள் ரீங்காரம். கன்னியப்பண்ணன் ஓடி வந்தார்.

"பாப்பா, ஒரு கட்டு அவுரல. ஒண்ணுகூட."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். அவரும் குதித்தார். குதித்துக்கொண்டே சொன்னார். "பாய் வந்துகீறாரு."

"அத்தாவா? எங்கே?"

"மேடைக்குப் பின்னாடி. மொதப் பாட்டுலேந்து நடுக்கம்பத்துல கைய வெச்சிகினு நிக்கறாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சிச் சத்தியம் வாங்கிகினாரு."

கூட்டம் வெளியே போய்க்கொண்டிருந்தது. அத்தா கட்டுப் போட்ட காலோடு ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு கூட்டத்தோடு வந்தார். என்னைப் பார்க்காத மாதிரியே என்னைத் தாண்டி வாசலுக்கு வெளியே போனார். அங்கே நின்று சட்டையைச் சரிசெய்தார். பிறகு திரும்பி, அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கினவர் மாதிரி வாசலுக்கு வந்தார்.

"இன்னாம்மா, வந்தவங்கள வாங்கன்னு கூப்ட மாட்டியா?"

சொல்லிவிட்டு வலது கையை நீட்டினார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. முப்பது வருஷமாக எந்தப் பந்தலிலும் நீளாத கை அது. "வாங்கத்தா" என்று சொல்லிச் சொம்பைச் சாய்த்தேன். பன்னீர் அவர் கையில் பாதியும் கால் கட்டில் பாதியும் விழுந்தது. கையில் விழுந்ததை முகத்தில் தடவிக்கொண்டார். கண்ணில் இருந்தது பன்னீர்தானா என்று நான் பார்க்கவில்லை, என் கண்ணே சரியாகத் தெரியவில்லை.

"கற்கண்டு எங்க?"

"தீந்து போச்சுத்தா."

"அது சரி. கடைக்கு மொதலாளி ஆயிட்ட, வர்ற ஜனத்துக்குக் கற்கண்டு பத்துமா பத்தாதான்னு பாத்து வாங்கத் தெரியலியே."